சரஸ்வதியிடம் மூன்று நாள் இருந்த கையுறை

செப்டம்பர் 28, 1995. வியாழன், மாலை 4 மணி.

விமான நிலையத்திலிருந்து தவராசாவின் வீடு நாற்பது கிலோமீட்டர். அதில் முப்பத்தைந்து கிலோமீட்டருக்குச் சாலையோரம் நடந்து போகிற ஒரு மனிதனைக்கூட நான் பார்க்கவில்லை. இந்த ஊர்க்காரர்களுக்குக் கால் எதற்கு என்று கேட்டேன். கார் மிதிக்க என்றான் தவராசா. சிரிக்காமல் கேலி பேசும் பழக்கம் அவனை விட்டுப் போகவில்லை.

சென்னையிலிருந்து லண்டன் வழியாக டொராண்டோ வந்து போக முப்பத்தெட்டாயிரம் ரூபாய். வங்கியில் இருபத்தைந்து ஆண்டு குப்பை கொட்டியதற்குக் கிடைத்த விடுப்பை இதற்குச் செலவிட்டேன். தவராசா யாழ்ப்பாணத்துக்காரன். சண்டைக்குத் தப்பி வந்து, திருச்சி தில்லைநகரில் எங்கள் வீட்டு மாடியில் நான்கு வருடம் குடியிருந்தான். புவனாவுக்கு அவன் தாலி கட்டியதும் அந்த மாடியில்தான். பிறகு கனடா போனார்கள். "ஒருக்கா வந்திட்டுப் போங்கோ அண்ணை" என்று வருடா வருடம் எழுதினான். வந்துவிட்டேன்.

வீடு ஸ்காபரோவில், பதினான்காவது மாடி. லிஃப்ட்டில் ஏறும்போதே எந்தெந்த வீட்டில் என்ன சமையல் என்று தெரிந்துவிடுகிறது. ஒன்பதாவது மாடியில் யாரோ மீன் பொரித்துக்கொண்டிருந்தார்கள்.

செப்டம்பர் 29. வெள்ளி, காலை 8 மணி.

தவராசாவோடு அவன் கடையைப் பார்க்கக் கிளம்பினேன். கடை என்றுதான் அவன் ஊருக்கும் எழுதியிருக்கிறான், எனக்கும் எழுதியிருக்கிறான். என்ன கடை என்று எழுதியதில்லை. பஸ், சுரங்க ரயில், பிறகு குவீன் வீதியில் டிராம் என்று மூன்று மாறி ஒன்றரை மணி நேரம். மொத்தத்துக்கும் சேர்த்து இரண்டு டாலர், நம் கணக்கில் ஐம்பது ரூபாய். பார்க்டேலில் இறங்கி, ஒரு சலவைக் கடைக்கும் ரொட்டிக் கடைக்கும் நடுவே நுழைந்தோம். செருப்பும் தோல் பையும் பழுது பார்க்கும் கடை.

என்ன கடை என்று ஏன் எழுதவில்லை என்பது புரிந்தது. தோலைத் தொடும் வேலை இன்னாருடையது, இன்னாருடையது அல்ல என்று அவன் ஊரிலும் பிரித்து வைத்திருந்தார்கள், என் ஊரிலும் பிரித்து வைத்திருக்கிறார்கள். "வந்த புதுசில ஒரு போர்த்துக்கீசக் கிழவரிட்டை வேலைக்கு நிண்டனான். அவர் போகேக்க கடையை என்னட்டைத் தந்திட்டார்" என்றான் தவராசா. "நல்ல தொழில் அண்ணை. புவனாவுக்குத்தான் கொஞ்சம் சங்கடம்." வேலைப் பையை இன்றுவரை வாசலில் செருப்போடு வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குள் போவானாம்.

பத்தரை மணிக்கு ஒரு வெள்ளைக்காரர் வந்தார். நல்ல உயரம், நரை கலந்த தாடி. கதவைத் திறந்ததும் நாற்காலியைத் தேடி உட்கார்ந்த விதத்தில் முழங்கால் கெட்டுப்போனவர் என்று தெரிந்தது. மடியில் தலையணை போலத் தடித்த ஒரு தோல் கையுறை. விரல்களை இணைக்கும் தோல் வார் அறுந்து தொங்கியது. பெயர் வால்டர், நகரத்தின் பேஸ்பால் அணியில் கேட்சர் என்று தவராசா அறிமுகம் செய்தான்.

பேஸ்பால் தெரியாதவர்களுக்கு: மட்டை பிடிப்பவருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிப்பவர்தான் கேட்சர். நம் விக்கெட் கீப்பர் மாதிரி. ஆனால் இங்கே பந்து தரையில் படாமல் நேரே கைக்கு வருகிறது. ஒரு ஆட்டத்தில் நூறு தடவைக்கு மேல் குந்தி எழ வேண்டும். எங்கள் வங்கி அணிக்கு ஆறு வருடம் நான் விக்கெட் கீப்பர். அந்த நினைவாக என் இடது சுண்டுவிரல் ஒரு பக்கம் வளைந்தே இருக்கும். அதைக் காட்டினேன். வால்டர் தன் வலது கையை அதன் பக்கத்தில் நீட்டினார். ஐந்து விரலும் ஐந்து திசையில் இருந்தன. என் விரலை மடக்கிக்கொண்டேன்.

அவருக்கு முப்பத்துநான்கு வயது. பன்னிரண்டு வருடமாக இதுவே பிழைப்பு. மெடிசின் ஹாட், நாக்ஸ்வில், எல் பாசோ, டகோமா, சிரக்கியூஸ் என்று ஊர்களை அடுக்கினார். எல்லாம் சிறிய ஊர்களின் இரண்டாம் நிலை அணிகள். ஓர் அணி விடுவிக்கும், இன்னொன்று எடுத்துக்கொள்ளும். ஊருக்கு ஊர் பத்து மணி நேர பஸ். இளம் பந்துவீச்சாளர்களைப் பழக்கி மேலே அனுப்புவார், அவர்கள் பெரிய அணிக்குப் போவார்கள், இவர் அடுத்த ஊருக்குப் போவார். செப்டம்பரில் மட்டும் பெரிய அணிகள் கூடுதல் ஆட்களை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி. அப்படித்தான் இங்கே வந்திருக்கிறார். நான்கு வாரமாக மைதானத்தின் ஓரத்தில் குந்தி, மற்றவர்கள் கை சூடாக்க எறியும் பந்துகளைப் பிடிக்கிறார். ஒரு ஆட்டத்திலும் இறக்கவில்லை.

பெரிய அணியில் ஒருமுறையாவது களத்தில் இறங்கிய ஒவ்வொருவரின் பெயரும் அச்சாகிற தடித்த புத்தகம் ஒன்று உண்டாம். ஒரே ஒரு ஆட்டம் ஆடியவனுக்கும் அதில் ஒரு வரி உண்டு. வால்டர் அதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை இந்த வருடத்தின் கடைசி ஆட்டம். முழங்கால் இருக்கும் நிலையில் அடுத்த வருடம் யாரும் கூப்பிடமாட்டார்கள். அணி இந்த வருடம் கடைசி இடத்தில் கிடந்ததால், பயிற்சியாளர் ஒருவேளை இறக்கலாம். இறக்காவிட்டாலும் இந்தக் கையுறை பக்கத்தில் இருக்க வேண்டும் என்றார். ஏழு வருடமாகக் கையில் படிந்தது. அணி கொடுத்த புதியது பலகை மாதிரி விறைத்திருக்கிறதாம்.

அதற்கேற்ற வார் கடையில் இல்லை. வேறிடத்தில் வாங்கி, சனிக்கிழமை வீட்டில் வைத்துக் கோத்து, ஞாயிறு காலை மைதான வாசலில் கொண்டுவந்து தருவதாகத் தவராசா சொன்னான்.

செப்டம்பர் 30. சனி, மாலை 5 மணி.

இனி எழுதப் போவது என் அதிகப்பிரசங்கித்தனத்தைப் பற்றி. மறைக்காமல் எழுதுகிறேன்.

நவராத்திரி. யாழ்ப்பாணத்தாருக்குக் கடைசி மூன்று நாளும் சரஸ்வதிக்கு உரியவை. சனிக்கிழமை மாலை புத்தகங்களை வைத்தால் செவ்வாய் காலை விஜயதசமியன்றுதான் எடுப்பார்கள். எங்கள் பக்கத்தில் நவமியன்று வைத்து மறுநாள் எடுத்துவிடுவோம். புத்தகத்தோடு அரிவாள்மணை முதல் ஸ்கூட்டர் சாவி வரை எல்லாக் கருவியும் வைப்போம். புவனா கூடத்து அலமாரியில் கும்பமும் சரஸ்வதி படமும் வைத்து, தன் ஆங்கில வகுப்பு நோட்டையும் கத்தரிக்கோலையும் வைத்திருந்தாள். நான் என் பயண நோட்டை வைத்தேன். உழைப்பவன் கருவி ஒன்றுகூட இல்லையே என்று எனக்குப் பட்டது. தவராசா குளித்துக்கொண்டிருந்தான். புவனா அடுக்களையில் கடலை அவித்துக்கொண்டிருந்தாள். வாசலுக்குப் போய் அவன் வேலைப் பையைத் தூக்கிவந்து குத்தூசி, சுத்தியல், கத்தி எல்லாவற்றையும் துடைத்து அடுக்கினேன். பைக்குள் கையுறையும் இருந்தது. வார் கோத்து, எண்ணெய் பூசி முடித்திருந்தான். அதுவும் ஒரு உழைப்பாளியின் கருவிதானே என்று கும்பத்தின் காலடியில் வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, ஒரு செவ்வந்தியும் வைத்தேன்.

தவராசா தலை துவட்டிக்கொண்டு வந்தவன் அப்படியே நின்றான். "அண்ணை, உது தோல்" என்றான் மெதுவாக. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அதற்குள் புவனா கற்பூரத்தோடு வந்துவிட்டாள். அலமாரியைப் பார்த்தாள். கணவனைப் பார்த்தாள். கற்பூரம் தட்டில் எரிந்துகொண்டிருந்தது.

"இருக்கட்டும்" என்றாள். "உந்தத் தோலாலதானே எங்கட அடுப்பெரியுது. இவ்வளவு காலமும் அதை வாசலுக்கு வெளியில வைச்சிருந்தது பிழை."

தட்டைச் சுற்றிக் காட்டிவிட்டு, நான் வைத்த குங்குமத்தின் மேல் தானும் ஒரு பொட்டு வைத்தாள். தவராசா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு முகத்தைத் துவாலையால் துடைத்தான். சாப்பிடும்போதுதான் கையுறை ஞாயிற்றுக்கிழமைக்கு வேண்டுமே என்ற பேச்சு வந்தது. நாலு கிழமையாக இறக்காத ஆளை நாளைக்கு மட்டும் இறக்கப் போகிறார்களா, செவ்வாய்க்கிழமை கொடுத்தால் போயிற்று என்று தவராசா தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டான்.

அக்டோபர் 1. ஞாயிறு, காலை 8.20.

தொலைபேசி. வால்டர். இன்றைக்கு முதலிலிருந்து அவர்தான் கேட்சர் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டாராம். கையுறையை வாங்க டாக்ஸியில் நேரே வீட்டுக்கே வருகிறார். ஆட்டம் ஒரு மணிக்கு, பத்தரைக்குள் அவர் மைதானத்தில் இருக்க வேண்டும். தவராசா விலாசத்தைச் சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தான். அவனுக்கு வேர்த்திருந்தது.

எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று நான்தான் ஆரம்பித்தேன். இன்றைக்கு அஷ்டமிதான், எங்கள் வழக்கப்படி நாளை நவமியன்று வைத்தால் போதும், இன்று எடுத்து நாளை திரும்ப வைக்கலாம் என்று வங்கியில் விதி விளக்குகிற குரலில் சொன்னேன்.

"பந்தியில இருத்தின ஆளைப் பாதிச் சாப்பாட்டில எழுப்பி, மிச்சத்தை நாளைக்கு வந்து சாப்பிடு எண்டு சொல்லுவியளோ அண்ணை?" என்றாள் புவனா.

இத்தனை வருடம் வாசலில் கிடந்த தோலை நேற்றுத்தான் உள்ளே உட்கார வைத்திருக்கிறாள். இன்று காலை எழுப்பு என்கிறேன். தவராசா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். அந்த மனிதருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு நாள் என்று மட்டும் சொன்னான். "அவர் வரட்டும். அவர் கேட்டா நான் மறிக்கமாட்டன்" என்றாள் புவனா கடைசியில்.

ஒன்பது பத்துக்கு வால்டர் வந்தார். வாசலில் எங்கள் செருப்புகளைப் பார்த்துத் தானும் ஷூவைக் கழற்றினார். அலமாரியைப் பார்த்ததும் அதன் முன்னால் குந்தினார். முழங்கால் இரண்டும் சடக்கென்று சத்தமிட்டன. குந்துவதுதான் அவருக்கு உட்காருவது. பொட்டு வைத்துப் பூவோடு இருந்த தன் கையுறையைப் பார்த்தார். தவராசா ஆங்கிலத்தில் விளக்கினான்: இது கல்விக்கும் தொழிலுக்குமான தெய்வம், வைத்ததைச் செவ்வாய் காலைதான் எடுப்பது வழக்கம், ஆனாலும் எடுத்துத் தருகிறேன். எடுத்தால் என்ன ஆகும் என்று வால்டர் கேட்டார். ஒன்றும் ஆகாது என்றான் தவராசா. புவனா அடுக்களை வாசலில் நின்றாள்.

"பன்னிரண்டு வருடம் மைதானத்தின் வெள்ளைக் கோட்டை மிதிக்காமல் தாண்டித்தான் போயிருக்கிறேன்" என்றார் வால்டர். "மிதித்தாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் மிதித்ததில்லை. செவ்வாய்க்கிழமை வந்து வாங்கிக்கொள்கிறேன்."

கையை நீட்டினார். கையுறையைத் தொடுவதற்கு ஒரு சாண் முன்னால் நிறுத்தி, மடக்கி, தரையை ஊன்றி எழுந்தார். புவனா ஒரு காலி மாஜரின் டப்பாவில் அவித்த கடலையைப் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு, எங்களுக்காக மைதானத்து டிக்கெட் கவுண்டரில் இரண்டு டிக்கெட் வைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். டாக்ஸிக்கு ஒரு வழி இருபத்தெட்டு டாலர்.

அதே நாள். பகல் 1 மணி.

மைதானத்தின் கூரை பெட்டி மூடி போலத் திறந்து மூடக்கூடியது. அன்று திறந்திருந்தது. மூன்றாவது தளத்தில், வால்டருக்கு நேர் பின்னால் எங்கள் இருக்கை. நாலு டாலருக்கு ஒரு ரொட்டியும் இறைச்சியும் வாங்கி வந்து இருவருமே சாப்பிடவில்லை. ஒலிபெருக்கியில் வால்டரின் பெயர் வந்தபோது தவராசா எழுந்து நின்று கைதட்டினான். சுற்றியிருந்தவர்கள் உறவோ என்று பார்த்தார்கள். அந்தப் புத்தகத்தில் அவருக்கு ஒரு வரி அந்த நிமிடம் உறுதியாகிவிட்டது.

ஐந்து சுற்று வரை குறையில்லாமல் பிடித்தார். ஆனால் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. படிந்த தோலில் பந்து விழுந்தால் ஓசை உள்ளே போய் முடியும். அது பலகையில் தட்டுவது போல வெளியே வந்தது. தவராசாவும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான் என்பது கைகளை முழங்கால் இடுக்கில் செருகிய விதத்தில் தெரிந்தது.

ஆறாவது சுற்றில் எதிரணியின் ஓட்டக்காரன் ஒருவன் கடைசி முனையில் நின்றான். அங்கிருந்து ஓடி வந்து வால்டர் காக்கும் வெள்ளைத் தட்டைத் தொட்டால் ஒரு ஓட்டம். அதற்குள் பந்து உள்ள கையுறையால் வால்டர் அவனைத் தொட்டுவிட்டால் அவன் ஆட்டமிழப்பான். மட்டையாளர் தூக்கி அடித்தார், தூரத்தில் பிடித்தார்கள். இங்கே பந்தைப் பிடித்த பிறகும் ஓடலாம் என்பதால் ஓட்டக்காரன் கிளம்பினான். பந்து அவனுக்கு முன்பே வந்துவிட்டது. வால்டர் வாங்கித் திரும்பி அவன் தோளில் கையுறையை வைத்தார். நடுவர் கையை உயர்த்தத் தொடங்கினார். அப்போது பந்து கையுறையிலிருந்து நழுவி மண்ணில் உருண்டது.

நடுவர் கைகளை இரண்டு பக்கமும் விரித்தார். பெரிய பலகையில் வால்டரின் கணக்கில் ஒரு பிழை ஏறியது. அவர் பந்தை எடுத்துப் பந்துவீச்சாளரிடம் எறிந்துவிட்டு, முகக் கூண்டை இறக்கிக்கொண்டு மறுபடி குந்தினார்.

மட்டை பிடித்த மூன்று தடவையும் ஆட்டமிழந்தார். எட்டாவது சுற்றில் அவரை உட்கார வைத்து இருபத்திரண்டு வயதுக்காரர் ஒருவரை இறக்கினார்கள். வால்டர் வெள்ளைக் கோட்டை மிதிக்காமல் தாண்டி உள்ளே போனார். அணி தோற்றது. அந்த ஓட்டம் போகாவிட்டாலும் தோற்றிருக்கும். ரயில் ஏறி வீடு திரும்பினோம். என் கை சும்மா இருந்திருந்தால் அந்தப் பந்து விழுந்திருக்காது என்பதைத் தவிர வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை.

வீட்டில் தொலைக்காட்சி அணைந்திருந்தது. ஆட்டத்தைப் புவனா அதில் பார்த்திருக்கிறாள். அவள் கண் சிவந்திருந்தது.

அக்டோபர் 3. செவ்வாய், காலை 7.30.

விஜயதசமி. வால்டர் இந்த முறை பஸ்ஸில் வந்தார், தோளில் நீளமான ஒரு பையோடு. திங்கட்கிழமையே அணி அவரை விடுவித்துவிட்டது. மனைவியின் அண்ணன் ஒகாயோவில் வீடுகளுக்குக் கூரை போடும் வேலை எடுத்துச் செய்கிறார், அதில் சேரப் போவதாகச் சொன்னார். அந்த முழங்காலோடு கூரையில் எப்படி ஏறுவார் என்று நினைத்தேன்.

புவனா கற்பூரம் காட்டி, பூவை எடுத்துவிட்டு, கையுறையை இரண்டு கையாலும் தூக்கி அவரிடம் கொடுத்தாள். எடுத்த கருவியால் அன்றைக்கே கொஞ்சம் வேலை செய்ய வேண்டும் என்பது வழக்கம். தவராசா ஒரு தோல் துண்டில் நான்கு தையல் போட்டான். புவனா ஆங்கில நோட்டிலிருந்து ஒரு பக்கத்தை உரக்க வாசித்தாள். நான் என் நோட்டில் 'விமான நிலையத்திலிருந்து தவராசாவின் வீடு நாற்பது கிலோமீட்டர்' என்று எழுதினேன். நான் என்ன செய்ய வேண்டும் என்று வால்டர் கேட்டார். ஒரு பந்து பிடித்தால் போதும் என்றான் தவராசா.

கட்டடத்தின் பின்னால், கார்கள் வேலைக்குப் போய்விட்ட வெற்றிடத்தில் வால்டர் குந்தினார். பையிலிருந்து ஒரு பந்தை எடுத்துத் தவராசாவிடம் கொடுத்திருந்தார். அவன் வாழ்நாளில் முதல் முறை எறிந்த பேஸ்பால் இரண்டு கார் அகலம் தள்ளிப் போனது. வால்டர் எழாமலே சாய்ந்து பிடித்தார். ஓசை உள்ளே போய் முடிந்தது. வழக்கப்படி அதோடு போதும். ஆனால் அவர் எழவில்லை. பந்தைத் திரும்ப எறிந்து, இன்னொன்று என்று கையைக் காட்டினார். தவராசா எறிந்தான். பிறகு இன்னொன்று. தவராசாவின் கை ஓய்கிற வரை அது நடந்தது. புவனா கோட்டைப் போர்த்துக்கொண்டு பின்கதவருகில் நின்றாள், வேலைக்கு நேரமாகியும் போகவில்லை.

அவர் பையை மூடும்போது நான் பக்கத்தில் போனேன். சனிக்கிழமை அதை அங்கே வைத்தது நான்தான், மன்னிக்க வேண்டும் என்று சொன்னேன்.

"புதுக் கையுறை காரணம் இல்லை" என்றார். "பந்து கைக்குள் சேர்வதற்கு முன்பே ஓடி வருகிறவனைப் பார்த்துவிட்டேன். இதைப் போட்டிருந்தாலும் விழுந்திருக்கும்."

பிறகு என் வளைந்த சுண்டுவிரலைப் பிடித்து ஒரு தடவை குலுக்கிவிட்டு, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். கையுறையில் இருந்த குங்குமத்தை அவர் துடைக்கவில்லை.

அக்டோபர் 12. வியாழன். திரும்பும் வழி.

நயாகராவும் பார்த்தேன். அதைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். விமானத்தில் இருபது மணி நேரமும் வால்டர் சொன்னதைத்தான் திருப்பித் திருப்பி நினைத்தேன். நான் உட்கார்ந்திருந்த உயரத்திலிருந்து ஒரு மனிதனின் கண் எங்கே பார்த்தது என்று தெரியாது. அவர் சொன்னது உண்மையாக இருக்கலாம். கீப்பர்கள் எல்லோரும் செய்கிற தவறுதான் அது, நானே செய்திருக்கிறேன். என் தலையிலிருந்த பாரத்தை இறக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு போயிருக்கவும் கூடும். எது என்று எனக்குத் தெரியவில்லை.

இனி வருவது ஒரு வருடம் கழித்துச் சேர்த்தது. அந்த விஜயதசமி முதல் தவராசாவின் வேலைப் பை கூடத்து அலமாரியின் கீழ்த்தட்டில்தான் இருக்கிறது. அவன் எழுதியிருந்தான். ஊரில் தன் அம்மாவுக்கும் என்ன கடை என்று எழுதிவிட்டானாம்.

திருச்சியில் எங்கள் வீட்டு ஆயுத பூஜை எப்போதும் என் பொறுப்பு. கண்ணில் பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு போய் வைத்துப் பொட்டு வைக்கிற ஆள் நான். இந்த ஆண்டு ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்துக்கொண்டு வீடு முழுக்கச் சுற்றினேன். கத்தரிக்கோல், டார்ச் விளக்கு, மாடிக் குடித்தனக்காரரின் சைக்கிள் பம்பு. நாளைக்கு இது யாருக்காவது வேண்டுமா என்று ஒவ்வொரு அறையிலும் கேட்டேன். என் மனைவி சிரித்தாள். நான் பதில் வரும்வரை நின்றேன்.